வாயைக் கட்டுவதா, வயிற்றைக் கேட்பதா?

டயட் தொடங்கும் முடிவை யாரும் நிதானமாக இருக்கும்போது எடுப்பதில்லை. யாரோ எடுத்த புகைப்படத்தில், பக்கவாட்டில் நிற்கிற தன்னைப் பார்த்த ராத்திரியில் எடுக்கிறோம். போன வருடம் மாட்டிய பொத்தான் இந்த வருடம் மாட்டாத காலையில் எடுக்கிறோம். "என்ன, கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே?" என்று எதிரில் வந்தவர் சிரித்தபடி கேட்டுவிட்டுப் போன அரை மணி நேரத்தில் எடுக்கிறோம். அந்த நேரத்தில் கைக்கு எது கிடைக்கிறதோ அதுவே வழி. செயலி கிடைத்தால் கலோரிக் கணக்கு. பக்கத்து இருக்கைக்காரர் இளைத்திருந்தால், அவர் எதை விட்டாரோ அதை நாமும் விடுவது.

சமீபத்தில் என் தோழி ஒருத்தி இப்படி ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "கலோரி எண்ணுறதா, கீட்டோவா, பதினாறு மணி நேரம் பட்டினியா, இல்ல அந்த ஊசியா? திங்கட்கிழமையிலேர்ந்து எதை ஆரம்பிக்கட்டும், சொல்லு." கீட்டோ என்றால் மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதாக விட்டுவிடுவது; ஊசி என்று அவள் சொன்னது பசியை அடக்கும் எடை குறைப்பு மருந்து. ஊசியைத் தவிர மற்றதையெல்லாம் நான் ஒரு சுற்று பார்த்தவள் என்று அவளுக்குத் தெரியும். போனில் சொன்னது அரைகுறை. அப்புறம் உட்கார்ந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அவள் பட்டியலில் இல்லாத இரண்டு வழிகளையும் சேர்த்துக்கொள்கிறேன்: பிடித்ததை அளவாக, ரசித்துச் சாப்பிடுவது ஒன்று, எடையை அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று.

வழக்கமாக இவற்றை வேகத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்: மூன்று மாதத்தில் எத்தனை கிலோ? எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை போய்விட்டது. நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த வழி உடைந்த மறுநாள் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது? எல்லா வழியும் என்றாவது உடையும். பிறந்தநாள் வரும், காய்ச்சல் வரும், அலுவலகத்தில் யாராவது கேக் வெட்டுவார்கள், ஒரு நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். அந்த மறுநாளைத் தாங்குகிற வழி எது?

உடம்பா, கண்ணாடியா?

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. நம்மைத் தொந்தரவு செய்வது உடம்பா, கண்ணாடியா? இரண்டையும் ஒரே பிரச்சினையாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்றால் தொந்தரவு செய்வது உடம்பு. அதற்கு எவ்வளவு எடை குறைய வேண்டும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2002இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். புகைப்படத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் பல பேருக்குக் கண்ணில்கூடப் படாது. உடம்பு கேட்பது கொஞ்சம். கண்ணாடி கேட்பதற்குத்தான் அளவே கிடையாது.

கண்ணாடியின் கதை வேறு. ஃபிஜித் தீவுகளின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கே பள்ளி மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த வருடமும், மூன்று வருடம் கழித்து வேறு ஒரு மாணவிகள் குழுவிடமும் சாப்பாடு பற்றிக் கேட்டார். எடையைக் கட்டுப்படுத்துவதற்காக வாந்தி எடுத்ததாக முதல் முறை ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் கையில் இருக்கிற திரையை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறோம் என்று யோசித்தால் எனக்கு அந்த எண் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

"ஆனா பி.எம்.ஐ. அதிகம்னு காட்டுதே" என்றாள் தோழி. பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீட்டின் பூர்வீகம் பலருக்குத் தெரியாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம் 1830களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர் கண்டது. அவர் மருத்துவர் இல்லை. வானியலும் புள்ளியியலும் அவருடைய துறைகள். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல். தனி ஒருவருடைய உடல்நலத்தைப் பார்ப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும்தான் அதற்கு இன்றைய பெயரை வைத்தார்கள். (இந்தக் கீஸ் இன்னொரு முறை வருவார்.) பொதுவாக 25ஐத் தாண்டினால் அதிக எடை என்கிறோம். ஆசிய மக்களுக்கு 23லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. அப்படியென்றால் 24 என்று காட்டுகிற ஒருவர் எந்தப் பக்கம்? அந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. கூட்டத்தை அளக்க உதவும்; ஒருவரை எடைபோட அது மட்டும் போதாது. இடுப்புச் சுற்றளவும் ரத்தப் பரிசோதனையும் அதைவிட நிறையச் சொல்லும்.

ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் டயட். அதில் எல்லாம் சரியாக இருந்தால், எதிரில் இருப்பது கண்ணாடிப் பிரச்சினை என்று வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எண்ணிச் சாப்பிடுவது

கலோரிக் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 500 குறைத்தால் பதினைந்து, பதினாறு நாளில் ஒரு கிலோ. இப்படியே வகுத்துக்கொண்டு போனால் சில வருடத்தில் ஆளே மறைந்துவிட வேண்டும். மறைவதில்லை, ஏனென்றால் உடம்பு சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எடை குறையக் குறையச் செலவையும் குறைத்துக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட வேதனை, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. தீவிரமாகக் குறைத்தவர்களின் கதை இது. எல்லாருக்கும் இவ்வளவு நடக்கும் என்று இல்லை.

நான் நாலு மாதம் எண்ணினேன். ஆறு கிலோ குறைந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே கண்ணைத் திறந்தது. ஒரு பெரிய கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கைப்பிடி கொறிக்கும் பருப்பு ஒரு சின்னச் சாப்பாட்டுக்குச் சமம் என்பதும் தெரியாது. பாடம் அந்த இரண்டு வாரத்தோடு முடிந்துவிட்டது. மிச்ச மூன்றரை மாதம் நடந்தது வேறு. வீட்டில் சமைத்ததைச் செயலியில் ஏற்றுவது பெரும்பாடு. எதில் எவ்வளவு போட்டோம் என்று பிரித்து எழுத வேண்டும். பொட்டலத்தில் வருவது சுலபம், பார்கோடைக் காட்டினால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக நான் பார்கோடு உள்ளதையே சாப்பிட ஆரம்பித்தேன். ஆரோக்கியமாக ஆவதற்கு இறங்கியவள், எண்ணுவதற்கு வசதியாக இருக்கிறது என்பதற்காகப் பொட்டலச் சாப்பாட்டுக்கு மாறியிருந்தேன். ஒரு விருந்தில் தட்டை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் பேசுவதைக் கேட்காமல் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேள்வி கேட்டிருக்கிறார். நான் "முந்நூற்று நாற்பது" என்றேன்.

சரி, உடைந்த மறுநாள்? இதைப் பற்றி 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையை எனக்கு மிகவும் பிடிக்கும். சுவை பார்க்கும் சோதனை என்று சொல்லி மாணவிகளை அழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்புறம் எல்லார் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்து மதிப்பெண் போடுங்கள், வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள் எதிர்பார்த்தபடிதான் நடந்தார்கள்: மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீம் குறைவாகச் சாப்பிட்டார்கள். வாயைக் கட்டி வாழ்கிறவர்கள் நேர்மாறாக, மில்க்ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது, இனி சாண் என்ன முழம் என்ன? இன்றைய கணக்கு கெட்டுவிட்டது. நாளைக்குப் புதுசாக ஆரம்பிப்போம். அதனால் இன்றைக்கே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

என்னுடைய நாலு மாதமும் அப்படித்தான் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நூறு கலோரி தாண்டியது. ஞாயிறு இரவுவரை நான் எதையும் எண்ணவில்லை.

எண்ணிக்கை எல்லாருக்கும் ஒத்துவராது என்றும் சொல்ல மாட்டேன். குறைந்தது 13.6 கிலோ இழந்து, ஒரு வருடமாவது அதைக் காத்துவைத்தவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் இருக்கிறது. அதில் இருப்பவர்களில் பலர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள், தினமும் சுமார் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். எண்களோடு சமாதானமாக வாழத் தெரிந்த மனிதர்கள். எனக்கு அந்தச் சுபாவம் கிடையாது.

ஒன்றை விடுவது, நேரத்தைச் சுருக்குவது

கீட்டோ மாதிரி ஒன்றை விடுவது, பதினாறு மணி நேரப் பட்டினி மாதிரி நேரத்தைச் சுருக்குவது, இவை இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் எடையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்று 609 பேரை வைத்து ஒரு வருடம் ஸ்டான்ஃபோர்டில் பார்த்தார்கள். முடிவு 2018இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை. சுவாரசியம் சராசரியில் இல்லை: இரண்டு பிரிவிலும் 30 கிலோ அளவுக்கு இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் இளைத்த வழியில் நாமும் இளைப்போம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மாவுச்சத்தை விட்டதும் முதல் வாரத்தில் சடசடவென்று குறைகிறதே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்துவைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். கிளைக்கோஜன் தீர்ந்தால் தண்ணீரும் போகும்; ஒரு வேளை பழையபடி சாப்பிட்டால் திரும்பி வரும். உடைந்த மறுநாள் எடை இயந்திரத்தில் நிற்கிறவருக்கு இது தெரியாவிட்டால், ஒரே நாளில் கொழுத்துவிட்டதாக நினைத்து அழுவார். நான் அழுதிருக்கிறேன்.

நேரத்தைச் சுருக்குவதும் அப்படியே. பருமன் உள்ள 139 பேரை வைத்து ஒரு வருடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. இரண்டு பிரிவும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவு மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடித்தது. அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ, புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமாக நிற்கவில்லை. ராத்திரி நொறுக்குத்தீனிதான் உங்கள் சிக்கல் என்றால் இந்த வழி உதவும். சமையலறைக் கதவைப் பூட்டியது மாதிரி. காலையில் சாப்பிடாவிட்டால் யார் மேலாவது எரிந்து விழுகிறவர் என்றால் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே உணவுக் கோளாறு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது.

இப்போது கீஸ். 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அவருடைய பட்டினி ஆய்வில் சேர்ந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று கண்டுபிடிப்பது நோக்கம். முதலில் வழக்கமான சாப்பாடு. அப்புறம் ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. போனது எடை மட்டுமா? சோர்வும் எரிச்சலும் வந்தன. கூட்டமும் பேச்சும் கசந்தன. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள், நல்ல காரணத்துக்காக, கண்காணிப்பில் இருந்தவர்கள் அவர்கள். இன்றைக்குக் கைக்குக் கை மாறுகிற டயட் தாள்களில் 1,200 என்று சர்வசாதாரணமாக எழுதியிருக்கிறார்கள். நள்ளிரவில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிற டயட்காரர்களைப் பார்த்து இனி நான் சிரிக்க மாட்டேன்.

அளவாக, ஆனால் ரசித்து

"அளவா சாப்பிடு" என்பதைப் போல உபயோகமில்லாத அறிவுரை இல்லை. எது அளவு என்று யாரும் சொல்வதில்லை. தாராளமாகச் சாப்பிடுகிறவரும் தன்னுடையதை அளவு என்றுதான் நினைக்கிறார். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறவரும் அப்படியே. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் முதலில் அந்தச் சொல்லுக்குத் தானாக ஒரு பொருள் கண்டாக வேண்டும். நான் கண்டது இது: ருசி குறைய ஆரம்பிக்கிற இடம்.

இதற்கு உடலியல் ஆதாரமும் உண்டு. ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மீதான விருப்பம் குறையும், மற்றவற்றின் மீது அவ்வளவாகக் குறையாது. 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸும் சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் இருக்கிற மர்மம் இதுதான். முதல் மூன்று வாய்தான் முழு ருசி. ஏழாவது வாயில் நாக்கு வேறு எங்கோ போய்விடும். கைதான் வேலை செய்துகொண்டிருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அந்த ஏழாவது வாய் எப்போது வந்தது என்றே தெரியாது. கவனித்துச் சாப்பிட்டால் தெரியும். அங்கே நிறுத்தினால், பெரும்பாலும் ஒரு கால்பங்கு மிஞ்சும்.

ரசிப்பது வெறும் சலுகை இல்லை என்று காட்டுகிற ஒரு சோதனையும் இருக்கிறது. 2011இல் அலியா க்ரம் என்ற உளவியலாளரும் சகாக்களும் 46 பேருக்கு 380 கலோரி உள்ள ஒரே மில்க்ஷேக்கை இரண்டு தடவை கொடுத்தார்கள். ஒரு தடவை 620 கலோரி, சொகுசான விருந்து என்று எழுதியிருந்த லேபிளோடு. இன்னொரு தடவை 140 கலோரி, குற்ற உணர்வே வேண்டாம் என்கிற மாதிரியான லேபிளோடு. விருந்து என்று நினைத்துக் குடித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் நன்றாக இறங்கியது. டயட் பானம் என்று நினைத்தபோது அவ்வளவு இறங்கவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் 'லைட்' பிஸ்கட்டில் எட்டு தின்ற பிறகும் எதையோ தேடி அலமாரியைத் திறக்கிற எனக்கு இது புதிதாக இல்லை. நியூசிலாந்தில் 2014இல் வந்த இன்னொரு ஆய்வில், சாக்லேட் கேக் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது, குற்ற உணர்வா கொண்டாட்டமா என்று கேட்டார்கள். குற்ற உணர்வு என்றவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாகச் சாப்பிடவில்லை. ஒன்றரை வருடத்தில் எடையைக் காப்பதிலும் அவர்கள்தான் பின்தங்கினார்கள்.

என் சொந்தச் சோதனை சாக்லேட்டில். வருடக்கணக்காக வீட்டில் வாங்கியதே இல்லை. இருந்தால் தின்றுவிடுவேன் என்ற பயம். எண்ணுவதை விட்ட பிறகு வேண்டுமென்றே நல்ல சாக்லேட்டாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். தினமும் உண்டு, கேள்வி இல்லை. உட்கார்ந்து, வேறு எதுவும் செய்யாமல் சாப்பிட வேண்டும் என்பது ஒன்றே விதி. முதல் வாரத்தில் இரண்டு ராத்திரியில் தீர்ந்தது. மறுபடி வாங்கினேன், அதுவும் தீர்ந்தது. மூன்றாவது வாரம் பாதி அப்படியே கிடந்தது. ஒரு நாள் பேனா தேடும்போது கண்டெடுத்தேன். சாக்லேட்டை நான் மறந்துபோவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் உப்பும் மொறுமொறுப்புமாகப் பொட்டலத்தில் வரும் வறுவலிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. இன்றுவரை திறந்தால் காலி. இது என் பலவீனம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆலை உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; 0.9 கிலோ கூடியது. மற்ற உணவில் அதே அளவு குறைந்தது. வயிற்றைக் கேட்டுச் சாப்பிடு என்றால், வயிறு பதில் சொல்வதற்குள் தொண்டைக்குள் இறங்கிவிடுகிற சாப்பாடும் உலகத்தில் இருக்கிறது. அதனால் இந்த வழியில் போகிறவருக்கு என் ஒரே நிபந்தனை, அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பகுதி சமைத்ததாக இருக்கட்டும் என்பது. வறுவலை நான் சின்னப் பொட்டலமாகத்தான் வாங்குகிறேன்.

குறை இல்லையா? இருக்கிறது. எடை மெதுவாகத்தான் குறையும். சிலருக்குக் குறையவே குறையாது. காட்டுவதற்கு எண் இல்லை, பாராட்ட ஆள் இல்லை. பல வருடம் டயட்டிலேயே இருந்தவர்களுக்குப் பசி எது, சலிப்பு எது என்றே குழம்பியிருக்கும். அது தெளிய மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் எடை கொஞ்சம் கூடவும் செய்யலாம். எனக்கு இரண்டு கிலோ கூடி, அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் உடைந்த மறுநாள் என்று இங்கே ஒன்று இல்லை. விருந்தில் அதிகமாகிவிட்டது, சரி. அடுத்த வேளை பசி தாமதமாக வரும், அப்போது சாப்பிட்டால் போயிற்று.

ஊசி

செமாக்ளூடைடு போன்ற மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் முடிவு மருத்துவருடையது. 1,961 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இதுவரை நாம் பார்த்த எதுவும் இதன் பக்கத்தில் வராது. மண்டைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டு இரைச்சல் அடங்கிவிட்டது என்று போட்டுக்கொண்டவர்கள் பலர் சொல்கிறார்கள். அத்தனை வருடம் அவர்களைச் சோம்பேறி, கட்டுப்பாடு இல்லாதவர் என்று சொன்னவர்கள் இதைக் கேட்க வேண்டும். குமட்டல், வாந்தி போன்ற பக்கவிளைவுகள் உண்டு. மறுநாள் சோதனையில் இது எங்கே நிற்கிறது என்றால், நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. நோயோடு கூடிய பருமனுக்கு இது மருந்து, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு புகைப்படத்துக்காக என்றால், எத்தனை வருடம் போட்டுக்கொள்ளப் போகிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியே விட்டுவிடுவது

இதை வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. தோல்வி என்று எண்ணுகிறார்கள். என் கணக்கில் இது முழுமையான ஒரு தேர்வு. எடையை விடுவது என்றால் உடம்பை விடுவது இல்லை. நடப்பது, கொஞ்சம் பளு தூக்குவது, நேரத்துக்குத் தூங்குவது இவையெல்லாம் எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான் செய்யும். பரிசோதனை முடிவுகள் சரியாக உள்ளவருக்கு, பத்து வருடமாக அதே ஐந்து கிலோவை இழந்து இழந்து பெற்றுக்கொண்டிருக்கிறவருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

இதில் கஷ்டம் சாப்பாட்டில் இல்லை, அலமாரியில். 'இளைச்சதும் போட்டுக்கலாம்' என்று வைத்திருக்கிற துணிகள் ஒவ்வொரு காலையும் நம்மைத் திட்டும். நான் அவற்றைக் கொடுத்துவிட்ட நாளில்தான் காலை நேரம் எவ்வளவு சுருக்கமானது என்று தெரிந்தது.

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒப்பீடே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கடுமையாக டயட் இருந்த மாணவிகளுக்கு, டயட்டே இல்லாதவர்களைவிட உணவுக் கோளாறு வரும் சாத்தியம் 18 மடங்கு. வயது எதுவானாலும், ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை, மாதவிடாய் நிற்பது, நாலு பேரோடு சாப்பிடப் பயம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது எந்த டயட் என்று தேடும் கட்டம் இல்லை. மருத்துவரிடம் போகும் கட்டம்.

தோழிக்கு மறுபடி கூப்பிட்டேன். "ரத்தப் பரிசோதனை பண்ணிட்டியா?" போன மாதம்தான் அலுவலகத்தில் எடுத்தார்களாம், எல்லாம் சரியாக இருந்ததாம். "அப்ப முழங்கால், மூச்சு?" ஒன்றும் இல்லை, போன வாரம்கூட மலை ஏறிவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் புகைப்படமே அங்கே எடுத்ததுதான்.

"அப்போ திங்கட்கிழமை ஒரு அளவு பெரிய சட்டை ஒண்ணு வாங்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு வாரம் மட்டும் கலோரி எண்ணிப் பார்க்கட்டுமா?" என்றாள். எண்ணெய்க் கரண்டிப் பாடம் அவளுக்கும் கிடைக்கட்டும் என்று சரி சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பதினொன்றாம் நாள். சட்டை இன்னும் வாங்கவில்லை.